எந்த மேனன்?

நேருவின் டெல்லியில் ஒரே பட்டத்தோடு பலர் இருந்தார்கள். ஒருவர் சமஸ்தானங்களை இணைத்தார், ஒருவர் ஐ.நா.வில் முழங்கினார், ஒருவர் ஸ்டாலினைச் சந்தித்தார், ஒருவர் நாடாளுமன்றத்தில் வெளியுறவுத் துறைக்காகப் பதில் சொன்னார். இன்று பலரும் அவர்களை ஒரே ஆளாக்கிவிட்டார்கள்.

1947 மே 10. சிம்லா வைஸ்ராய் மாளிகை. இரவு உணவு முடிந்ததும் மவுன்ட்பேட்டன், விருந்தாளியாக வந்திருந்த ஜவாஹர்லால் நேருவிடம் ஒரு கற்றைத் தாளைக் கொடுத்தார். லண்டன் அமைச்சரவை திருத்தி அனுப்பிய அதிகார மாற்றத் திட்டம் அது. மாகாணங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே தம் வழியைத் தேர்ந்துகொள்ள இடம் கொடுக்கும் திட்டம். படிக்கப் படிக்க நேருவுக்கு ரத்தம் கொதித்தது. நாடு இரண்டாக அல்ல, இருபதாக உடையும் என்று பயந்தார். நள்ளிரவைத் தாண்டி 2 மணி வாக்கில், அதே மாளிகையில் தங்கியிருந்த நண்பரின் அறைக்குள் ஆவேசமாக நுழைந்தார். அந்த நண்பர் பெயர் மேனன்.

மறுநாள் காலை நேருவின் கடுமையான மறுப்புக் கடிதம் வைஸ்ராய் கைக்குப் போனது. மவுன்ட்பேட்டன் ஆடிப்போனார். உடனே தம் அரசியல் சீர்திருத்த ஆணையரை அழைத்தார். ‘நேரு இன்று மாலை கிளம்புகிறார். அதற்குள் மாற்றுத் திட்டம் வேண்டும்’ என்பது உத்தரவு. ஆணையர் உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொரு தாளாக, எழுதி முடிக்க முடிக்க, வைஸ்ராயின் உதவியாளர் வந்து வாங்கிக்கொண்டு போனார். மாலை 6 மணிக்குள் வேலை முடிந்தது. இந்தியா, பாகிஸ்தான் என இரண்டு டொமினியன்கள், அவற்றிடம் உடனடியாக அதிகாரம் ஒப்படைப்பு. நேரு ஒப்புக்கொண்டார். ஜூன் 3ஆம் தேதி உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட திட்டத்தின் எலும்புக்கூடு அந்த மாலையில் எழுதப்பட்டதுதான். அந்த ஆணையர் பெயரும் மேனன்.

இரவில் நேரு தட்டியது வி.கே. கிருஷ்ண மேனன் அறையை. பகலில் எழுதியவர் வி.பி. மேனன். இருவருக்கும் ரத்த உறவில்லை. அரசியலில் எதிரெதிர் துருவங்கள். ஆனால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் ‘சமஸ்தானங்களை இணைத்த மேனன் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கிருஷ்ண மேனன் என்பார்கள். ‘சீனப் போரின்போது பாதுகாப்பு அமைச்சர்?’ என்றால் வி.பி. மேனன் என்று சொல்கிறவர்களும் உண்டு. பெயர்க் குழப்பம்தானே என்று இதை விட்டுவிட முடியாது. ஒருவர் உழைப்பு இன்னொருவர் கணக்கில் ஏறுகிறது, ஒருவர் மேல் விழுந்த பழி இன்னொருவர் மேலும் ஒட்டுகிறது.

இந்தப் பட்டம் இப்போது வேறு காரணத்துக்காகவும் பேச்சில் இருக்கிறது. 2023இல் ‘வாத்தி’ படத்தின் விளம்பரத்துக்காகப் பேட்டி கொடுத்தபோது, என்னை மேனன் சேர்த்து அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் நடிகை சம்யுக்தா. தமிழ்நாட்டிலோ தெருப் பலகைகளில் சாதிப் பட்டம் இருக்கலாமா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. பட்டம் ஒரு மனிதருக்கு என்ன கொடுக்கிறது, அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க, அந்தக் கால மேனன்களைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரே பட்டம், வேறு வேறு தறவாடு

மலபார் கிராமங்களில், வெள்ளைக்காரர் காலத்தில், ‘அம்சம்’ என்ற வருவாய்ப் பிரிவுக்கு மூன்று ஆட்கள்: அதிகாரி, மேனன், கோல்காரன். நம் ஊரில் மணியக்காரர், கர்ணம், தலையாரி என்று இருந்தார்களே, அதே அமைப்பு. மேனன் கணக்கு எழுதுகிறவர். அதற்கும் முன்பு கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியும் கொச்சி ராஜாவும் நாயர் குடும்பங்களுக்குக் கொடுத்த பட்டம் அது. ஆகவே பட்டம் ஒன்றாக இருந்தால் குடும்பம் ஒன்று என்று அர்த்தமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தாய்வழி மரபான மருமக்கத்தாய முறையில் பிள்ளை தாயின் தறவாட்டை, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. கிருஷ்ண மேனனின் தந்தை கோமத் கிருஷ்ண குறுப்பு. மகன் மட்டும் மேனன். ‘வி’ என்ற முதலெழுத்து தாய் வீடான வெங்ஙாலில் தறவாட்டைக் குறிக்கும். தந்தைக்கு ஒரு பட்டம், மகனுக்கு வேறு பட்டம் என்றால் டெல்லிக்காரர்களுக்கும் லண்டன்காரர்களுக்கும் எப்படி விளங்கும்? அவர்கள் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளை அடையாளம் காட்டும் முதலெழுத்துகள் உதிர்ந்து போயின.

மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். 1956 வரை அப்படித்தான். அந்தக் காலத்து மலையாளி இளைஞருக்கு மேற்படிப்பு என்றால் சென்னைதான். கிருஷ்ண மேனன் மாநிலக் கல்லூரியில் படித்தார், சட்டக் கல்லூரியில் சேர்ந்தார், அடையாறில் அன்னி பெசன்ட் அம்மையாரின் தொண்டரானார், 1924இல் அங்கிருந்துதான் இங்கிலாந்து போனார். கே.பி.எஸ். மேனன் சென்னை கிறித்துவக் கல்லூரி மாணவர். லட்சுமி என். மேனன் ராணி மேரிக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். இவர்களில் சென்னைக் கல்லூரி வாசனையே படாதவர் வி.பி. மேனன் ஒருவர்தான். அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

[பெட்டிச் செய்தி] யார் எவர்?

வி.பி. மேனன் (1893–1965): ஒற்றப்பாலம் பகுதிக்காரர். 1914இல் உள்துறையில் குமாஸ்தா. 1942இல் அரசியல் சீர்திருத்த ஆணையர். 1947இல் சமஸ்தான அமைச்சகச் செயலாளர்.

வி.கே. கிருஷ்ண மேனன் (1896–1974): லண்டனில் இந்தியா லீக் செயலாளர். பெலிகன் நூல் வரிசையின் தொடக்க கால ஆசிரியர். பிரிட்டனில் இந்தியாவின் முதல் ஹை கமிஷனர். 1957–62 பாதுகாப்பு அமைச்சர்.

கே.பி.எஸ். மேனன் (1898–1982): கோட்டயத்தில் பிறந்த ஐ.சி.எஸ். அதிகாரி. 1948–52 சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளர். 1952–61 மாஸ்கோவில் தூதர்.

லட்சுமி என். மேனன் (1899–1994): ஐ.நா.வில் பெண்கள் நிலை குறித்த பிரிவின் தலைவர். 1957இல் வெளியுறவுத் துணை அமைச்சர், 1962 முதல் இணை அமைச்சர். பட்டம் கணவர் வழி வந்தது.

எம்.ஜி.கே. மேனன் (1928–2016): இயற்பியலாளர். ஹோமி பாபா மறைந்தபின் 1966இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். 1972இல் சில மாதங்கள் இஸ்ரோ தலைவர்.

ஒரு காஷ்மீர், இரண்டு மேனன்கள்

குழப்பத்துக்குப் பெயர் மட்டும் காரணமில்லை. இவர்கள் ஒரே பிரச்சினைகளில் மாறி மாறிக் கை வைத்தவர்கள். காஷ்மீரை எடுத்துக்கொள்வோம். 1947 அக்டோபர் 25ஆம் தேதி, பழங்குடிப் படைகள் ஸ்ரீநகரை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், விமானத்தில் அங்கே போய் இறங்கியவர் வி.பி. மேனன். மகாராஜா ஹரி சிங்கை உடனே ஜம்முவுக்குக் கிளம்பச் சொன்னார். மகாராஜா இணைப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டது அக்டோபர் 26 என்பது வி.பி. தம் நூலில் எழுதிய கணக்கு. அந்த நாளையும் நேரத்தையும் சில வரலாற்றாய்வாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். 27ஆம் தேதி காலை இந்திய வீரர்கள் ஸ்ரீநகரில் இறங்கியதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பத்தாண்டு கழித்து, 1957 ஜனவரி 23. அந்த இணைப்பு செல்லும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் வாதாட எழுந்தவர் கிருஷ்ண மேனன். அன்றும் மறுநாளுமாக ஏறத்தாழ 8 மணி நேரம் பேசினார். இடையில் மயங்கி விழுந்தார், சிகிச்சைக்குப் பின் எழுந்து வந்து தொடர்ந்தார். பாதுகாப்பு அவை வரலாற்றிலேயே மிக நீண்ட பேச்சு அதுதான். பிப்ரவரியில் சோவியத் யூனியன் தன் வீட்டோவைப் பயன்படுத்தி இந்தியாவுக்கு எதிரான தீர்மானத்தைத் தடுத்தது. நாடு திரும்பிய கிருஷ்ண மேனன் காஷ்மீரின் நாயகனாகக் கொண்டாடப்பட்டார். வடக்கு பம்பாயில் போட்டியிட்டு வென்றார். ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர்.

இணைப்பு ஆவணத்துக்காக அலைந்த வி.பி. அப்போது பெங்களூரில் ஓய்வில் இருந்தார், நூல் எழுதிக்கொண்டு. மக்கள் நினைவில் ‘காஷ்மீர் மேனன்’ என்ற இடத்தைப் பேச்சாளர் பிடித்துக்கொண்டார். ஆவணம் கொண்டுவந்தவர் அடிக்குறிப்பாகிப் போனார். மேடைக்குக் கிடைக்கும் வெளிச்சம் மேசைக்குக் கிடைக்காது என்பது உண்மைதான். பெயரும் ஒன்றாக இருந்துவிட்டால் மேசைக்காரரின் கதி அதோகதி.

கொரியாவிலும் இதே கதை

கொரியப் பிரச்சினையில் இந்தியாவின் பங்கைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. அங்கேயும் இரண்டு மேனன்கள் இருந்தார்கள்.

1948 ஜனவரியில் ஐ.நா.வின் தற்காலிக ஆணையம் சியோலுக்குப் போனது. கொரியா முழுமைக்கும் தேர்தல் நடத்துவது நோக்கம். தலைவர் கே.பி.எஸ். மேனன். வடக்கே சோவியத் படை ஆணையத்தை உள்ளே விடவில்லை. தெற்கில் மட்டும் தேர்தல் நடத்தினால் நாடு நிரந்தரமாகப் பிளந்துவிடும் என்பது இந்தியாவின் கவலை. அதே கவலை கே.பி.எஸ்.ஸுக்கும் இருந்தது. ஆனாலும் முடிவு போன பாதை வேறு. ஆணையம் போக முடிந்த பகுதியில் மட்டும் தேர்தல் என்று ஐ.நா. தீர்மானித்தது. 1948 ஆகஸ்ட் 15ஆம் தேதி தென் கொரியக் குடியரசு பிறந்தது.

இரண்டே ஆண்டில் போர் வெடித்தது. லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். சமாதானப் பேச்சு ஒரே ஒரு கேள்வியில் சிக்கிக்கொண்டு நகராமல் நின்றது. ஊர் திரும்ப விருப்பமில்லாத போர்க் கைதிகளை என்ன செய்வது? 1952 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய தீர்மானம் அதற்கு ஒரு வழி காட்டியது. யாரையும் பலவந்தமாகத் திருப்பி அனுப்பக் கூடாது, நடுநிலை ஆணையம் ஒன்று கைதிகளைப் பொறுப்பேற்க வேண்டும் என்பது சாரம். அதை வடித்துக் கொண்டுவந்தவர் கிருஷ்ண மேனன். சோவியத்தும் சீனாவும் முதலில் ஏற்கவில்லை. 1953 மார்ச் 5இல் ஸ்டாலின் இறந்தார், நிலைமை இளகியது. ஜூலை 27ஆம் தேதி கையெழுத்தான போர் நிறுத்த ஒப்பந்தத்தில் கைதிகள் பற்றிய ஏற்பாடு இந்தியா சொன்ன வழியை ஒட்டியே அமைந்தது. நடுநிலை ஆணையத்துக்குத் தலைமை தாங்கப் போனவர் ஜெனரல் திம்மையா. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

ஸ்டாலின் என்றதும் கே.பி.எஸ்.ஸிடம் திரும்பத்தான் வேண்டும். 1953 பிப்ரவரி 17 இரவு கிரெம்ளினில் ஸ்டாலினைப் பார்த்தார். ஸ்டாலினைச் சந்தித்த கடைசி வெளிநாட்டுத் தூதர் அவர்தான். பேசிக்கொண்டே ஸ்டாலின் தாளில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தார். கே.பி.எஸ். உற்றுப் பார்த்தார். எல்லாம் ஓநாய்கள். படம் போடுவதோடு நிற்காமல், ஓநாயை எப்படிக் கையாள்வது என்று ருஷ்ய விவசாயிக்குத் தெரியும் என்றும் பேசினார் ஸ்டாலின். அடுத்த இரண்டு வாரத்துக்குள் பக்கவாதம் தாக்கி விழுந்தார். அந்த ஓநாய்கள் பற்றி உலகம் அறிந்தது கே.பி.எஸ்.ஸின் நாட்குறிப்பு வழியாகத்தான்.

1956இல் ஹங்கேரி எழுச்சியை சோவியத் டாங்கிகள் நசுக்கியபோதும் மேனன்கள் இருவர். ஐ.நா.வில் இந்தியாவின் குரல் கிருஷ்ண மேனன். சோவியத்துக்கு எதிரான ஒரு தீர்மானத்தை அவர் எதிர்த்து வாக்களித்தது இந்தியாவிலேயே பலத்த கண்டனத்தைக் கிளப்பியது. மாஸ்கோவிலிருந்தபடியே ஹங்கேரிக்கும் தூதராக இருந்த கே.பி.எஸ். புடாபெஸ்டுக்கு நேரில் போய் நிலைமையைப் பார்த்து வந்தார். ‘மேனன் என்ன செய்தார்?’ என்ற கேள்விக்கு இங்கேயும் ஒற்றை விடை கிடையாது.

புதுக்கோட்டையின் கையெழுத்து

எல்லா மேனன்களிலும் நம் மண்ணை நேரடியாக மாற்றியவர் வி.பி. தான். 1947 ஜூலை 5ஆம் தேதி சமஸ்தான அமைச்சகம் பிறந்தது. சர்தார் படேல் அமைச்சர், வி.பி. செயலாளர். 550க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள். கெடு ஆகஸ்ட் 15. வி.பி. சொன்ன உத்தி எளிமையானது: பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் இந்தியாவிடம் கொடுங்கள், மற்றதெல்லாம் உங்களிடமே இருக்கட்டும். பெரும்பாலான மன்னர்கள் ஒப்புக்கொண்டார்கள். திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்திருந்த திவான் சி.பி. ராமசாமி ஐயரிடம் டெல்லியில் பேசியவரும் வி.பி. தான். ஜோத்பூரின் இளம் மகாராஜா ஹன்வந்த் சிங் கையெழுத்துப் போட்ட கையோடு கைத்துப்பாக்கியை எடுத்து வி.பி.யின் நேரே நீட்டினார். மிரட்டலுக்குப் பயந்து இணைப்பை விட்டுவிடுவேன் என்று நினைத்தால் தப்பு, இந்தச் சிறுபிள்ளை விளையாட்டை விடுங்கள் என்ற பொருளில் பதில் சொன்னார் வி.பி.

மூன்று துறை என்று ஆரம்பித்தது அதோடு நிற்கவில்லை. அடுத்த கட்டம் முழு இணைப்பு. தமிழ் மண்ணின் பெரிய சமஸ்தானமான புதுக்கோட்டை 1948 மார்ச் 3ஆம் தேதி சென்னை மாகாணத்தோடு சேர்ந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. தொண்டைமான்களின் கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் கையெழுத்திட்டார். நூற்றாண்டுகளாகத் தனக்கென்று ராஜா, நிர்வாகம், அம்மன் காசு என்று சொந்த நாணயம்கூட வைத்திருந்த ஒரு நாடு, ரத்தம் சிந்தாமல் மாவட்டத்தோடு கலந்தது. பின்னாளில் தனி மாவட்டமான அந்த ஊரில் வி.பி. மேனன் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்?

மன்னர்களுக்குக் கைம்மாறாக அளிக்கப்பட்ட மானியத்துக்கு அரசியல் சட்டமே உறுதி கொடுத்திருந்தது. 1971இல் இந்திரா காந்தி அரசு 26ஆவது திருத்தத்தால் அதை ஒழித்தது. மக்களாட்சியில் ராஜாவுக்குப் பென்ஷன் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கொடுத்த வாக்கு என்ன ஆனது என்ற கேள்வியும் நியாயமானதுதான். அந்த வாக்கைக் கொடுத்த மனிதர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

1950 டிசம்பரில் படேல் மறைந்ததும் வி.பி.க்கு டெல்லியில் இடமில்லாமல் போயிற்று. ஒடிசாவில் சிறிது காலம் தற்காலிக ஆளுநர், முதல் நிதி ஆணையத்தில் உறுப்பினர், அப்புறம் ஓய்வு. 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பெரிய நூல்களை எழுதினார். ஒன்று சமஸ்தான இணைப்பைப் பற்றியது, மற்றொன்று அதிகார மாற்றத்தைப் பற்றியது. 1959இல் ராஜாஜி சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது, தொடக்கத்திலிருந்தே உடன் நின்றவர்களில் ஒருவர் வி.பி. அப்போது கிருஷ்ண மேனன் நேரு அமைச்சரவையின் இடதுசாரி முகம். சிம்லாவில் ஓரிரவுக்குள் வரலாற்றைத் திருப்பிய இரண்டு பேரும் பன்னிரண்டு ஆண்டில் நேர் எதிர் முகாம்களுக்குப் போயிருந்தார்கள்.

[பெட்டிச் செய்தி] இரண்டு பி. கோவிந்த மேனன்கள்

முதலெழுத்தைப் பார்த்தால் போதும் என்கிறீர்களா? இதைக் கேளுங்கள். டோக்கியோவில் ஜப்பானியப் போர்க் குற்றவாளிகள் மீது வழக்கு நடந்தபோது இந்தியத் தரப்பு வழக்கறிஞராக இருந்தவர் பி. கோவிந்த மேனன். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, பின்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், பதவியிலிருக்கும்போதே 1957இல் இறந்தார். கொச்சியின் பிரதமராகவும் திருவிதாங்கூர்–கொச்சியின் முதலமைச்சராகவும் இருந்து, 1969இல் வங்கிகள் தேசியமயமானபோது மத்திய சட்ட அமைச்சராக இருந்தவர் பனம்பிள்ளி கோவிந்த மேனன். சுருக்கினால் அவரும் பி. கோவிந்த மேனன். இருவரும் சட்டம் படித்தவர்கள், ஒரே காலத்தவர்கள்.

1957இல் கேரளத்தில் அமைந்த ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் மொத்தம் 11 பேர். அதில் நிதிக்கு சி. அச்சுத மேனன், சுகாதாரத்துக்கு டாக்டர் ஏ.ஆர். மேனன்.

1962: ஒருவர் தலையில் விழுந்த பழி

1957 முதல் 1961 வரை டெல்லியைப் பாருங்கள். பாதுகாப்பு அமைச்சர் மேனன். வெளியுறவுத் துணை அமைச்சர் மேனன். மாஸ்கோ தூதர் மேனன். சீன எல்லை கொதிக்கத் தொடங்கிய காலமும் அதுதான்.

கிருஷ்ண மேனன் ஒன்றும் செய்யாமல் இருந்தார் என்பது உண்மையல்ல. பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. 1958இல் அவர் காலத்தில் பிறந்தது. டாங்கி தயாரிக்க பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961இல் ஒப்பந்தம் போடப்பட்டது. அதிலிருந்து வந்ததுதான் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. சைனிக் பள்ளிகளும் அவர் யோசனை. உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962 ஜூலையில் தொடங்கியது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கிருந்து ராணுவ அதிகாரிகளானார்கள். 1961 டிசம்பரில் கோவா விடுதலையான நாட்களில் அவர் புகழின் உச்சியில் இருந்தார். 1962 பிப்ரவரியில் ‘டைம்’ இதழின் அட்டையில் அவர் முகம்.

ஆனால் தளபதிகளை அவமதித்தார். தமக்குப் பிடித்தவர்களை மேலே தூக்கினார். 1959இல் ராணுவத் தலைமைத் தளபதி ராஜினாமா செய்யும் அளவுக்கு முரண்பாடு முற்றியது. அந்தத் தளபதி, கொரியாவில் போர்க் கைதிகளைக் கட்டிக்காத்த அதே திம்மையா. நேரு பேசி ராஜினாமாவைத் திரும்பப் பெறச் செய்தார். எல்லையில் வீரர்களுக்குக் கம்பளி உடை இல்லை, நல்ல துப்பாக்கி இல்லை. ஆயுதத் தொழிற்சாலைகளில் காப்பி வடிக்கும் கருவி செய்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் சாடின. 1962 அக்டோபர் 20ஆம் தேதி சீனப் படை தாக்கியது. 31ஆம் தேதி அவரிடமிருந்து பாதுகாப்புத் துறை பறிக்கப்பட்டது. நவம்பர் 7இல் அமைச்சரவையை விட்டே போனார்.

அவர் குற்றவாளிதான், ஆனால் தனியாள் குற்றவாளியல்ல. அந்நியச் செலாவணி கொடுக்க மறுத்த நிதி அமைச்சகம், சீனா தாக்காது என்று நம்பிய பிரதமர், தப்பான தகவல் தந்த உளவுத் துறை, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிய தளபதிகள் என்று பலரும் சேர்ந்து செய்த தவறு அது. நேரு மேல் போக வேண்டிய கோபம் மேனன் மேல் போயிற்று. ஒரு தலை போதும் என்று நாடு அன்று முடிவு செய்தது. ஒரு பெயரை வசைச் சொல்லாக்கிவிட்டால் விசாரணை அதோடு நின்றுவிடுகிறது. 1962 தோல்வியை ஆராய்ந்த ராணுவ அறிக்கையை அரசு இன்றுவரை முழுமையாக வெளியிடவில்லை.

அதே பழியில் லட்சுமி மேனன் பெயரும் மங்கியது. 1952 முதல் மாநிலங்களவையில் இருந்தவர், நேரு கையிலிருந்த வெளியுறவுத் துறைக்காக நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் பதில் சொன்னவர். சுதந்திர இந்தியாவின் வெளியுறவு வரலாற்றை எழுதுகிறவர்கள் அவருக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் அதிகம். ‘மேனன்’ என்றால் ஆண் என்றே எல்லோரும் எண்ணிக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம்.

கோலார் ஆழத்தில்

ஒரு துணுக்கு. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட வி.பி. மேனன் டெல்லிக்குப் போகும் முன் பிழைப்புத் தேடிப் போன இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்துத் தோண்டிய சுரங்கம். அரை நூற்றாண்டு கழித்து, 1965இல், அதே கோலாரில் தரைக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை முதன்முதலில் கண்டவர்களில் ஒருவர் எம்.ஜி.கே. மேனன். ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் அந்தக் குழுவில் இருந்தார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. பிற்பாடு தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்டு, பெரும் எதிர்ப்பைச் சந்தித்த நியூட்ரினோ ஆய்வகத்தின் வேர் கோலாரில்தான் இருக்கிறது.

பட்டம் திறந்த கதவு

இத்தனை மேனன்கள் ஒரே சமயத்தில் டெல்லிக்கு எப்படி வந்தார்கள்? கெட்டிக்காரர்கள், உழைப்பாளிகள். சந்தேகமில்லை. வி.பி. போல ஒன்றுமில்லாமல் தொடங்கியவரும் அவர்களில் உண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஏடும் எழுத்தாணியும் இருந்த வீடுகள் அவை. நிலமிருந்தது, ஆங்கிலப் பள்ளி எட்டும் தூரத்தில் இருந்தது, பட்டத்தைக் கேட்டதும் திறக்கும் கதவுகள் இருந்தன. அதே மலபாரில் வயலில் நின்ற செறுமருக்கும் புலயருக்கும் பொதுச் சாலையில் நடக்கவே வழியில்லை.

இதை எதிர்த்த மேனன்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1924 வைக்கம் போராட்டத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர், மாத்ருபூமி நிறுவனர் கே.பி. கேசவ மேனன். ஏப்ரல் 7இல் சக தலைவர் டி.கே. மாதவனோடு அவர் சிறை சென்றார். தலைவர்கள் இல்லாமல் போராட்டம் தள்ளாடியபோது அங்கிருந்து வந்த அழைப்பை ஏற்று, ஏப்ரல் 13இல் வைக்கம் போய் இறங்கினார் பெரியார். சிறையில் பெரியார் கால் விலங்கோடு சாதாரணக் கைதியாக நடத்தப்பட்டதைப் பதிவு செய்து வைத்தவர் கேசவ மேனன். பின்னாளில், 1970 ஜனவரி 1ஆம் தேதி கேரளத்தில் நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்து குத்தகை முறை ஒழிந்தபோது முதலமைச்சர் அச்சுத மேனன். தறவாடுகளின் நில அடித்தளத்தைத் தகர்த்த அரசுக்கு ஒரு மேனனே தலைமை தாங்கினார்.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் முதலியாரும் பிள்ளையும் பெயரிலிருந்து உதிர்ந்தார்கள். சாதி ஒழிந்துவிடவில்லை, ஆனால் பெயரைக் கேட்டதும் ஆளை எடைபோடும் வழக்கம் பொதுவெளியில் குறைந்தது. அந்த அளவுக்கு அது பெரிய சாதனை. தன் பெயரிலிருந்து மேனனைத் துறக்கும் ஒரு நடிகை இன்று செய்வது அந்த வழியில் வைத்த ஓர் அடிதான்.

லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியர் ஹரால்டு லாஸ்கியிடம் படித்தவர் கிருஷ்ண மேனன். அதே லாஸ்கியிடம் பின்னாளில் கேரளத்திலிருந்து இன்னொருவர் வந்து படித்தார். உழவூரில் ஓலைக் குடிசையில் பிறந்த தலித் மாணவர். லாஸ்கி கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு நேருவைப் பார்த்தார், 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். மேனன், நாயர், பணிக்கர் என்று பட்டங்கள் நிறைந்திருந்த அந்த அமைச்சகத்தில் பட்டம் ஏதுமில்லாத பெயர் அவருடையது: கே.ஆர். நாராயணன். 1997இல் குடியரசுத் தலைவரானார்.

மேனன் என்று பெயர் வைத்துக்கொண்டதற்காக அந்தக் காலத்து மனிதர்களை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. அவரவர் செய்ததை அவரவர் கணக்கில் எழுதினால் போதும். பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கும், வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும், பத்திரிகைகளில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ‘மேனன்’ என்று மட்டும் எழுதாதீர்கள், முதலெழுத்தோடு முழுப் பெயரை எழுதுங்கள். புதுக்கோட்டைப் பள்ளிகளில் மார்ச் 3ஆம் தேதி பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த நாள் என்ன நாள், அந்த இணைப்புக்குப் பின்னால் வேலை பார்த்தவர் யார் என்று சொல்லிக் கொடுங்கள். அவர் பெயர் வி.பி. மேனன்.